எல்லை வழக்கும் தற்காப்புக் கூட்டணியும்

1955ஆம் ஆண்டு மே மாதம் 9ஆந் திகதி பாரிசு மாநகரிலே வட அத்திலாந்திக் உடன்படிக்கை நாடுகளின் மன்றம் கூடிற்று. அன்று அதன் பதினைந்தாவது உறுப்பு நாடாக இடம்பெற்றது, மேற்கு ஜேர்மனி என வழங்கிய ஜேர்மன் சமஷ்டிக் குடியரசு. பத்தாண்டுகளுக்கு முன்னர், ஏறக்குறைய அதே நாளில், படைக்கலங்களைக் கீழே வைத்துச் சரணடைந்த ஒரு தேசம் தன்னை வென்றவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்தமை வியப்பிற்குரியதே. ஆயினும், வரலாறு பயில்வோர் அதனினும் வியக்கத்தக்க வேறொன்றை அங்கே காணலாம். அக்குடியரசின் எல்லைகள் பல பக்கங்களிலும் வழக்கிற்குட்பட்டிருந்தன. கிழக்கே, ஓடர், நைசே ஆறுகளுக்கு அப்பாலுள்ள நிலங்கள் போலந்தின் ஆட்சியிலிருந்தன; அவ்வெல்லையை அக்குடியரசு ஏற்கவில்லை. சோவியத் படை நிலைகொண்ட பகுதியில் 1949 ஒக்டோபரில் தோன்றிய ஜேர்மன் சனநாயகக் குடியரசை அது ஒரு நாடாகவே மதிக்கவில்லை. மேற்கே, சார் நிலம்பற்றிக் கூட்டணியின் உறுப்பு நாடாகிய பிரான்சோடேயே பிணக்கிருந்தது. பழைய தலைநகராகிய பேர்லினோ, பிறர் பகுதியின் நடுவே நான்கு கூறாகிக் கிடந்தது.

எல்லை வழக்குடைய நாட்டைத் தற்காப்புக் கூட்டணியிற் சேர்த்தலாகாது என்பது இக்காலத்தில் முடிந்த முடிபுபோலப் பலராலும் கூறப்படுகின்றது. சிலர் அஃது உடன்படிக்கையிலேயே எழுதப்பட்ட விதி என்றும் எண்ணுவர். அப்படியொரு விதி எழுதப்பட்டிருந்தால் 1955இல் நிகழ்ந்தது நிகழ்ந்திருக்க முடியாது. எனினும், அக்கூற்றின் பின்னே நிற்கும் அச்சம் பொய்யன்று. மிகப் பழையதும் ஆகும்.

கி.மு. 433இல் கோர்சைரா என்னுந் தீவு நகரத்தின் தூதர் ஏதென்சிற்கு வந்தனர். எப்பிதம்னசு என்னுங் குடியேற்றம் பற்றிக் கோர்சைராவிற்கும் கொரிந்து நகரத்திற்கும் போர் மூண்டிருந்தது. கோர்சைராவின் கடற்படை பெரிது. அது கொரிந்தின் கைப்படுவதை ஏதென்சு விரும்பவில்லை. ஆனால் கொரிந்தோ ஸ்பார்த்தாவின் நட்பு நாடு. ஏதென்சிற்கும் ஸ்பார்த்தாவிற்குமிடையே முப்பதாண்டுச் சமாதான உடன்படிக்கை நடைமுறையிலிருந்தது. ஏதென்சின் மக்கள் அவை இருமுறை கூடிற்று. முதல்நாளில் மறுப்பதற்கே பலரும் சாய்ந்தனர் எனவும், மறுநாளில் மனம் மாறினர் எனவும் துசிடைடிஸ் எழுதுகின்றார். மாறியபோதும் அவர்கள் முழுநட்பு உடன்படிக்கை செய்தாரல்லர்; ஒருவரை ஒருவர் தாக்குதலினின்றுங் காத்தல் என்ற அளவிலே தற்காப்பு உடன்படிக்கை மட்டுமே செய்தனர். பத்துக் கப்பல்களை அனுப்பி, கொரிந்தியர் கோர்சைராவின் நிலத்தில் இறங்க முயன்றாலன்றிப் போரிடற்க என ஆணையும் இட்டனர். சீபோத்தா என்னுமிடத்தில் நிகழ்ந்த கடற்போரில் அவ்வாணை ஒரு பகற்பொழுதுகூட நிற்கவில்லை. கோர்சைரர் தோற்று ஓடத் தொடங்கியதும் ஏதென்சின் கப்பல்கள் கைகலந்தன. இரண்டாண்டுகளின் பின் தொடங்கிய பெலப்பொனேசியப் பெரும்போருக்கு இதுவே தனிக்காரணம் என்றல் மிகையாகும். காரணங்களுள் ஒன்று என்பதிற் பிழையில்லை. பிறருடைய வழக்கைத் தன் வழக்காக்கிக் கொள்ளாமலே பிறருக்கு அரணாதல் இயலும் என ஏதென்சு நம்பியது. அந்நம்பிக்கை எங்கே வழுக்கிற்று என்பதே இப்பொருள் பற்றி ஆராய்வோர் கருத்திற் கொள்ளவேண்டியது.

1949 ஏப்பிரல் 4ஆந் திகதி வாசிங்டன் நகரிற் பன்னிரு நாடுகள் ஒப்பமிட்ட உடன்படிக்கையை வரைந்தவர்கள் இவ்விடர்ப்பாட்டை அறியாதவரல்லர். அதன் ஐந்தாம் உறுப்புரை, உறுப்பு நாடொன்றின் மீது நிகழும் படைத்தாக்குதல் எல்லா நாடுகள் மீதும் நிகழ்ந்ததாகவே கொள்ளப்படும் என்கின்றது. ஆனால் அதே உறுப்புரை, ஒவ்வொரு நாடும் தான் வேண்டியதெனக் கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றுங் கூறுகின்றது. போர் தொடுப்பது தன்னியக்கமாக நிகழ்வதொன்றன்று. ஒவ்வோர் அரசும் தானே தீர்மானிப்பது. ஆறாம் உறுப்புரை இன்னும் நுட்பமானது. எந்த நிலப்பரப்பு இவ்வுத்தரவாதத்திற்குள் அடங்கும் என்பதை அது அளந்து கூறிற்று: ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலுமுள்ள உறுப்பு நாடுகளின் நிலம், அன்று பிரான்சின் ஆட்சிப் பிரிவுகளாயிருந்த அல்சீரியா, கடகக் கோட்டிற்கு வடக்கேயுள்ள வட அத்திலாந்திக் தீவுகள், ஐரோப்பாவில் நிலைகொண்டிருந்த உறுப்பு நாடுகளின் படைகள். இவ்வளவீட்டினாலேயே, 1961 திசெம்பரில் இந்தியப் படை கோவாவினுட் புகுந்தபோது, போர்த்துக்கல் தொடக்ககால உறுப்பு நாடாயிருந்தும், கூட்டணியின் உத்தரவாதத்தை வேண்டி நிற்க அதற்கு இடமிருக்கவில்லை.

புதிய நாடுகளைச் சேர்த்தல்பற்றிப் பத்தாம் உறுப்புரை கூறுவது சிறிதே. உடன்படிக்கையின் கொள்கைகளை வளர்க்கவும் வட அத்திலாந்திக் பகுதியின் பாதுகாப்பிற்குத் துணைபுரியவும் வல்ல ஐரோப்பிய நாட்டை எல்லா உறுப்பினரும் ஒருமனதாக அழைக்கலாம். எல்லை வழக்கு என்ற சொல்லே அங்கில்லை.

தொடக்கத்திலேயே இருவேறு முன்னிகழ்ச்சிகள் அமைந்தன. அயர்லாந்தை அழைக்கக் கருதியபோது, வடபகுதி ஆறு மாவட்டங்கள் பிரித்தானியாவின் கீழிருக்க, அப்பிரித்தானியாவின் நில ஒருமையைப் பேணும் உடன்படிக்கையிற் கையொப்பமிடல் தனக்கு இயலாது என்று 1949 பெப்ரவரியில் அயர்லாந்து அரசாங்கம் விடையிறுத்தது. பிரிவினையை நீக்கினாற் சேரலாம் என்பது அதன் உட்கிடை. ஐக்கிய அமெரிக்கா அதனை விலைபேசலாகவே கருதி, அவ்விரு விடயங்களையும் இணைக்க மறுத்தது. எல்லை வழக்கினாலே கூட்டணிக்குப் புறத்தே நின்ற முதல் நாட்டை எவரும் தள்ளிவைக்கவில்லை. அது தானே ஒதுங்கிற்று. இத்தாலியோ வேறு வழியிற் சென்றது. திரியெஸ்தே நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் 1947ஆம் ஆண்டுச் சமாதான உடன்படிக்கை தனி நிலமாக்கி, இரு பகுதிகளாக வகுத்து, ஒன்றைப் பிரித்தானிய அமெரிக்கப் படைகளிடமும் மற்றதை யூகோசிலாவியப் படையிடமும் விட்டிருந்தது. அவ்வழக்குத் தீராமலே இத்தாலி தொடக்ககால உறுப்பினருள் ஒன்றாயிற்று. 1953இன் இறுதியிற் படைகள் எல்லைக்கு நகர்த்தப்படும் நிலையும் வந்தது. 1954 ஒக்டோபரில் இலண்டனில் எழுதப்பட்ட ஒரு குறிப்பாணையால் நகர் இத்தாலிக்கும் மறுபகுதி யூகோசிலாவியாவிற்கும் ஆயின. 1975இல் ஒசிமோ உடன்படிக்கை அதனை நிலைபெறச் செய்தது.

மேற்கு ஜேர்மனியின் வழக்கு இவற்றினும் பன்மடங்கு பெரிது. 1950 யூன் மாதத்திற் கொரியாவிற் போர் மூண்டதும், பிளவுபட்ட வேறொரு நாட்டின் நினைவு மேற்குத் தலைநகர்களை அச்சுறுத்திற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் அமெரிக்க இராசாங்கச் செயலாளர் அச்சசன் ஜேர்மனியருக்கு மீண்டும் படைக்கலம் வழங்கவேண்டுமென்றார். ஒரே தலைமுறையில் இருமுறை படையெடுப்பிற்கு ஆளாகிய பிரான்சு அதனைக் கேட்டு நடுங்கியதில் வியப்பில்லை. ஜேர்மன் படையை ஐரோப்பியப் பொதுப்படையொன்றினுட் கரைத்துவிடும் திட்டத்தைப் பிரான்சே முன்வைத்தது. 1952 மே மாதத்தில் அதற்கான உடன்படிக்கையும் கைச்சாத்தாயிற்று. பின்னர், 1954 ஓகஸ்ட் 30இல், 319 வாக்குகளுக்கு 264 வாக்குகளாற் பிரெஞ்சுத் தேசியமன்றமே தன் குழந்தையைத் தானே கைவிட்டது.

அடுத்த எட்டு வாரங்களில் நிகழ்ந்தவை கூர்ந்து கற்கத்தக்கன. பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் ஈடன் ஐரோப்பியத் தலைநகர்களைச் சுற்றிவந்தார். செப்டெம்பர் 28 முதல் ஒக்டோபர் 3 வரை இலண்டனில் ஒன்பது நாடுகளின் மகாநாடு நடைபெற்றது. மேற்கு ஜேர்மனியை நேரே கூட்டணியிற் சேர்ப்பது என முடிவாயிற்று, ஆயின் வெறுங்கையோடன்று. அதன் முதலமைச்சர் அடெனோவர், தம் நாட்டு மண்ணில் அணு, உயிரியல், இரசாயனப் படைக்கலங்களைச் செய்வதில்லை என உறுதி கூறினார். அதன் படை முழுவதும் கூட்டணித் தளபதியின் ஆணைக்கு உட்படுத்தப்பட்டது. பிரித்தானியாவும் நான்கு டிவிசன் படையைக் கண்டத்தில் வைத்திருக்க ஒருப்பட்டது. பிரான்சின் அச்சத்தைத் தணித்தவை இவை.

எல்லை வழக்கைப் பொறுத்தவரையில், எல்லாவற்றிலும் முதன்மையானது ஒக்டோபர் 3ஆந் திகதி வெளியிடப்பட்ட இரு கூற்றுகளாகும். முதலாவதில், ஜேர்மனியை ஒன்றாக்குவதற்கோ இருக்கின்ற எல்லைகளை மாற்றுவதற்கோ ஒருபோதும் படைவலியை நாடுவதில்லை எனச் சமஷ்டிக் குடியரசு வாக்களித்தது. உரிமையை அது கைவிடவில்லை. உரிமைக்காக வாளெடுப்பதையே கைவிட்டது. இவ்வேறுபாடு சொல்லளவிற் சிறிது, பொருளளவில் மலையளவு. இரண்டாவது கூற்றில் ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு ஆகிய மூன்றும் அக்குடியரசின் அரசாங்கத்தையே ஜேர்மன் மக்களின் முறையான அரசாங்கமாக ஏற்றன. இறுதி எல்லைகள் சமாதான உடன்படிக்கை வரையில் நிற்கவேண்டும் என்றன. பேர்லின்மீது எத்திசையிலிருந்து தாக்குதல் வரினும் அது தம்மீதே நிகழ்ந்ததாகும் என்றும் அறிவித்தன. அதே கூற்றில் அதிகம் பேசப்படாத ஒரு வாசகமும் உண்டு. கூட்டணியின் தற்காப்பு நோக்கத்தைக் கெடுக்கும் வகையில் எந்த அரசாங்கமேனும் வலிந்து படைவலியை நாடுமாயின், அவ்வரசாங்கம் உடன்படிக்கையின் உத்தரவாதத்தையும் படை உதவியையும் பெறும் உரிமையை இழந்ததாகவே தாம் கருதுவோம் என அம்மூன்று நாடுகளும் கூறின. யாரையும் பெயர் சுட்டவில்லை. யாரைக் கருதிற்று என்பதில் ஐயமுமில்லை.

கோர்சைராவை ஏற்றபோது ஏதென்சு தன் கப்பற் தலைவர்களுக்கு மட்டும் ஆணையிட்டது. கோர்சைராவிடமிருந்து எவ்வுறுதியையும் வேண்டவில்லை. 1954இற் கடிவாளம் புதிய நண்பனின் வாயிலேயே பூட்டப்பட்டது.

உத்தரவாதம் உரிமைகோரும் நிலத்தை அன்றி ஆளப்படும் நிலத்தையே தழுவியது என்பதும் இங்கு நோக்கற்பாலது. எல்பா ஆற்றிற்கு அப்பால் ஒரு சிற்றூரிற் சோவியத் தாங்கிகள் ஓடினாலும் அஃது ஐந்தாம் உறுப்புரைக்குப் பொருளாகாது. 1953 யூன் 17இல் கிழக்கு ஜேர்மனியத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்டபோது மேற்கு எதுவுஞ் செய்யவில்லை. 1961 ஓகஸ்ட் 13இல் பேர்லினிற் சுவர் எழுந்தபோதும் செய்யவில்லை. கூட்டணியின் குறையன்று இது. 1954இல் அனைவரும் அறிந்தே கையொப்பமிட்ட விலை. ஆனால் அவ்விலையைப் பெரிதும் இறுத்தவர் இலண்டன் மகாநாட்டிலே இடம்பெறாத ஒரு கோடியே எழுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட கிழக்கு ஜேர்மனியர் என்பதை மறத்தல் நேர்மையாகாது.

மேற்கு ஜேர்மனியிலேயே இதனை எதிர்த்தவர் பலர். நடுநிலை வகிப்பதாயின் ஒன்றுபட்ட ஜேர்மனியை அனுமதிக்கலாம் என்று 1952 மார்ச் 10இல் ஸ்டாலின் எழுதிய குறிப்பைச் சோதித்துப் பாராமலே தள்ளிவிட்டனர் என்பது சமூக சனநாயகக் கட்சியினரின் குறை. கூட்டணியிற் சேர்ந்தபின் பிரிவினை கல்லாகிவிடும் என அவர்கள் எச்சரித்தனர். 1955 சனவரியிற் பிராங்பேட் நகரிலுள்ள புனித பவுல் தேவாலயத்திற் கூடிய எதிர்ப்பாளர் மகாநாடும் அதனையே வற்புறுத்திற்று. அடெனோவரோ, வலிமையுற்ற மேற்கினோடு பிணைந்து நின்றாலன்றி ஒருமை ஒருநாளுங் கிட்டாது என்றார். ஸ்டாலினின் குறிப்பு மெய்யான அழைப்போ தூண்டிலோ என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் ஒருமனப்படவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு எதிர்ப்பாளர் கூறியதே நடந்தது. அதன்பின் அடெனோவர் கூறியது நடந்தது. இருவரையும் முழுப்பிழையுடையோர் என்றல் அரிது.

சோவியத் ருஷ்யாவின் எதிர்வினை விரைவானது. 1955 மே 7இல் பிரித்தானியாவோடும் பிரான்சோடும் போர்க்காலத்திற் செய்த நட்புடன்படிக்கைகளை அது நீக்கிற்று; மே 14இல், மேற்கு ஜேர்மனி சேர்ந்து ஐந்தாம் நாளில், வார்சா உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதற்கு மறுநாளே ஒஸ்திரியாவின் விடுதலை உடன்படிக்கையும் வியன்னாவில் ஒப்பமிடப்பட்டது. ஒஸ்திரியா நடுநிலை வகித்தது; சோவியத் படை வெளியேறிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே கிழமையில் நடந்தமை, ஒரே கேள்விக்கு இருவேறு விடைகள் அருகருகே வைக்கப்பட்டாற் போன்றது. ஆனால் ஒஸ்திரியா சிறியது. ஜேர்மனியின் நிலக்கரியும் உருக்கும் மக்கட்டொகையும் அதற்கில்லை. அந்நாட்டை அளவுகோலாகக் கொண்டு ஜேர்மனியை அளப்போர் இதனைக் கருதுவதில்லை.

சார் நிலத்தின் வழக்கு எதிர்பாராத வகையில் எளிதாகத் தீர்ந்தது. அதனை ஐரோப்பிய மேற்பார்வையிலுள்ள தனிநிலமாக்கும் ஏற்பாட்டைப் பாரிசு உடன்படிக்கைகள் வகுத்தன. 1955 ஒக்டோபர் 23இல் அந்நில மக்களுள் மூன்றிலிரு பங்கினர் அதனை நிராகரித்தனர். பிரான்சு அம்முடிவை ஏற்றது. 1957ஆம் ஆண்டு முதல்நாளில் சார் மேற்கு ஜேர்மனியோடு இணைந்தது. நட்பு நாடுகளாகி விட்டவர்களிடையே ஒரு நிலத்தை விட்டுக்கொடுப்பது எளிது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. கிரேக்கமும் துருக்கியும் இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு.

அவ்விரு நாடுகளும் 1952 பெப்ரவரியில் ஒருங்கே சேர்க்கப்பட்டன. சைப்பிரசுத் தீவுபற்றிய பகைமை பின்னர் முற்றிற்று. 1964 யூன் 5இல் அமெரிக்கச் சனாதிபதி யோன்சன் துருக்கியப் பிரதமர் இனொனுவிற்கு ஒரு கடிதம் எழுதினார். சைப்பிரசில் துருக்கி தலையிட்டு, அதனாற் சோவியத் ருஷ்யா துருக்கிமீது பாயுமாயின், அந்நிலையில் துருக்கியைக் காப்பது தம் கடமையா என்பதைக் கூட்டணி நாடுகள் இன்னும் ஆராயவில்லை என்பது அதன் சாரம். 1954ஆம் ஆண்டு வாசகத்தின் எதிரொலியே இது. அவ்வாண்டிலே கடிதம் துருக்கியைத் தடுத்தது; 1974இல் எதுவும் தடுக்கவில்லை. துருக்கியப் படை தீவில் இறங்கியதும் கிரேக்கம் கூட்டணியின் படையமைப்பிலிருந்து விலகி, 1980இலேயே மீண்டது. இரு உறுப்பினர் தம்முட் பொருதால் ஐந்தாம் உறுப்புரை ஊமையாகிவிடுகின்றது.

ஜேர்மன் வழக்கு நம் தீவையுந் தொட்டது. கிழக்கு ஜேர்மனியை ஏற்கும் நாட்டோடு உறவு பேணுவதில்லை என்பது ஹால்ஸ்டைன் கோட்பாடு எனப் பெயர் பெற்ற கொள்கை. படைவலியைக் கைவிட்ட அரசு, தன் உரிமையைப் பொருள்வலியால் நாட்ட முயன்றது எனலாம். 1964இற் கொழும்பிலே கிழக்கு ஜேர்மனியின் கொன்சல் நிலையம் அமைய இலங்கை இடமளித்தபோது, மேற்கு ஜேர்மனி தன் பொருளுதவியை நிறுத்திக்கொண்டது. 1970இல் இலங்கை கிழக்கு ஜேர்மனியை முழுமையாகவே ஏற்றது. அதே ஆண்டிற் பொன் நகர அரசாங்கமும் மொஸ்கோவோடும் வார்சாவோடும் உடன்படிக்கை செய்து, ஓடர் நைசே எல்லையை மீறுவதில்லை என ஒப்புக்கொண்டது. இறுதி முடிவு 1990இல் வந்தது. செப்டெம்பர் 12இல் இரு ஜேர்மனிகளும் நான்கு வல்லரசுகளும் மொஸ்கோவில் ஒப்பமிட்டன; ஒக்டோபர் 3இல் நாடு ஒன்றாயிற்று; நவம்பர் 14இல் போலந்துடனான எல்லை உடன்படிக்கை எழுதப்பட்டது. புதிய சேர்ப்பு எதுவுமின்றியே கூட்டணியின் நிலம் ஓடர் ஆறுவரை விரிந்தது. 1999இல் போலந்தும் அதே கூட்டணியிற் சேர்ந்தது.

1995இல் கூட்டணி தன் விரிவாக்கம்பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. இன வழக்கோ எல்லை வழக்கோ உடைய நாடுகள் அவற்றைச் சமாதான வழியிலே தீர்க்கவேண்டும் எனவும், அத்தீர்வு அழைப்பைத் தீர்மானிக்கையிற் கருதப்படும் காரணிகளுள் ஒன்றாகும் எனவும் அது கூறுகின்றது. கருதப்படும் காரணி என்பது தடையாகாது. ருஷ்யாவோடு எல்லை உடன்படிக்கை நிறைவேறாதிருந்தும் எசுத்தோனியா 2004இற் சேர்க்கப்பட்டமை இதற்குச் சான்று.

2008 ஏப்பிரலிற் புக்கரெஸ்ட் நகரில், உக்ரேனும் யோர்ச்சியாவும் உறுப்பு நாடுகளாகும் என்று கூட்டணி அறிவித்தது. எப்பொழுது, எவ்வழியில் என்று கூறவில்லை. ஒரு கையால் வாக்குறுதியை நீட்டி மறு கையால் உத்தரவாதத்தை மறைத்த இம்முடிவு, சேர்த்தலினும் மறுத்தலினும் தீயதாயிற்று என்று கருத இடமுண்டு. அவ்வாண்டு ஓகஸ்டில் யோர்ச்சியாவிலும், 2014இற் கிரைமியாவிலும், 2022 பெப்ரவரி 24 முதல் உக்ரேன் முழுவதிலும் நிகழ்ந்தவற்றை யாவரும் அறிவர். உக்ரேனுக்கு மேற்கு ஜேர்மனியின் வழியைப் பரிந்துரைப்போர் இப்பொழுது பலர்: ஆளும் நிலத்திற்கு உத்தரவாதம், இழந்த நிலத்திற்கு உரிமை மட்டும். ஒப்புமை பொருத்தமுடையதே; ஆனால் முழுமையுடையதன்று. 1955இற் பிரிகோட்டின் இருபுறமும் துப்பாக்கிகள் மௌனமாயிருந்தன. அக்கோட்டை வல்லரசுகள் தாமே வரைந்திருந்தன. மேலும், அடெனோவர் பாரிசில் இருக்கையில் அமர்ந்தபோது அமெரிக்க, பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் அவர் நாட்டில் ஏற்கெனவே பத்தாண்டுகளாக நின்றிருந்தன. ஆறாம் உறுப்புரையின்படி அப்படைகள்மீதான தாக்குதல், ஜேர்மனி சேருமுன்னரே, கூட்டணியின்மீதான தாக்குதலாயிருந்தது. மே 9ஆந் திகதி எழுதப்பட்ட உத்தரவாதத்திற்கு முன்பே மண்ணில் நின்ற உத்தரவாதம் ஒன்றிருந்தது. 2022இல் உக்ரேனின் மண்ணில் அப்படி ஒரு படையும் நின்றதில்லை.